பூசாரி கிடைக்காத ஆட்டம்

சபிதாவுக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான். 2005-இல் தக்கலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவள் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தாள். எட்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் தாங்குவதற்கு எதிரே என் கடையில் வாங்கிய நாலு பேட்டரி. அதில் ஒன்று பத்தாவது மாதமே படுத்துவிட்டது. வாரண்டி அட்டையோடு வந்தவள், பொடி எழுத்தில் இருந்த பதினேழு விதிகளையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். பேட்டரி விற்கிற நானே அன்றைக்குத்தான் அவற்றை முதன்முதலாகக் கேட்டேன். பேசாமல் புதுசு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இனி இவளிடம் வாய் கொடுக்கக்கூடாது என்று முடிவும் செய்தேன். அந்த முடிவு ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணக்கு முடித்தவள். மேலே படிக்க ஆசை இருந்தது. அப்பா போனதும் அது நின்றது. அண்ணன் முருகதாஸ் சார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஊராருக்கு நர்சிங் விண்ணப்பம், பாஸ்போர்ட் விண்ணப்பம், கல்யாண பயோடேட்டா என்று அடித்துக் கொடுப்பாள். இன்றைக்கு அதே இடத்தில் இ-சேவை மையம் இருக்கிறது, குமாரதாஸ் என்ற சாதுவான கணவர் இருக்கிறார், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் இருக்கிறாள். பொடி எழுத்தை விடாமல் வாசிக்கிற குணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

2006 ஓணத்துக்கு முருகதாஸ் லீவில் வந்தான். பெட்டிக்குள் கண்ணாடிப் பாத்திரங்கள் உடையாமலிருக்க ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை அண்டை கொடுத்து வைத்திருந்தான். கூட அறையிலிருந்த பிலிப்பினோக்காரர் ஊருக்குப் போகையில் விட்டுப்போனதாம். அதோடு ஒரு பையில் விதவிதமான பகடைகள்: நாலு முகம், எட்டு முகம், இருபது முகம். பாத்திரத்தை அம்மா எடுத்துக்கொண்டாள். புத்தகத்தைச் சபிதா எடுத்துக்கொண்டு எட்டு நாளில் முன்னூறு பக்கத்தையும் முடித்தாள். ஒன்பதாவது நாள் என் கடைக்கு வந்தாள்.

“பிரைட்டா, ஒனக்கு ஞாயித்துக்கிழம சர்ச்சு விட்டா என்ன சோலி?”

“தின்னுட்டு கெடந்து ஒறங்குவேன்.”

“ஒறங்கண்டாம். ரெண்டு மணிக்கு எனக்க கடைக்கு வா.”

அது பலகையில்லாத ஆட்டம். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொருவராக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். ‘கதவைத் தள்ளுகிறேன்’, ‘அவன்மேல் அம்பு விடுகிறேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். கதை சொல்வது சபிதா. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் ஆளுக்கு ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீரன், கள்ளன், வில்லாளி, மந்திரக்காரன், பூசாரி என்று புத்தகத்தில் பட்டியல் இருந்தது. ஒருவருக்கு ஒரு தொழில்தான், எடுத்தபின் மாற்றக்கூடாது.

நான் வில்லாளி ஆனேன். குளச்சல் சூசை அண்ணன் வீரன் ஆனார். விசைப்படகு எஞ்சினுக்கு உதிரி பாகம் நெட்டில் தேட வந்தவரைச் சபிதா பிடித்துப் போட்டுவிட்டாள். ஞாயிறு அவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் வசதி. தன் ஆளுக்கு அவர் கொம்பன் என்று பெயர் வைத்தார். மூன்றாவது தங்கபாய். தன் அண்ணனுடைய வர்ம வைத்தியசாலையில் எண்ணெய் காய்ச்சி, கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்த பெண். அவள் மந்திரக்காரி. எங்கள் வேலை இதுதான்: ஒரு ஊரில் கொள்ளைநோய், எந்த நோயையும் காயத்தையும் ஆற்றும் மருந்து வேர் மூன்றாவது குகையின் தலைவனிடம் இருக்கிறது, போய்க் கொண்டுவர வேண்டும்.

எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வயதில் முதல் குகை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே என்ன இருக்கிறதோ என்று நான் பயந்தேன். சபிதா குரலைத் தாழ்த்தி, “தண்ணி சொட்டுத சத்தம் கேக்கு,” என்றாள். சூசை அண்ணன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

அன்றைக்கே மூன்று பேரும் செத்தோம். அடுத்த ஞாயிறும் செத்தோம். கிறிஸ்துமஸுக்குள் ஏழு தடவை. காரணம் எல்லோருக்கும் தெரியும். காயத்தை ஆற்றுகிற வரம் பூசாரிக்கு மட்டும்தான் உண்டு. எங்களிடம் பூசாரி இல்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் பன்னிரண்டு தெய்வங்களின் பட்டியல் இருந்தது; பூசாரி அதில் ஒன்றுக்குத் தொண்டு செய்தாக வேண்டும். அங்கேதான் முட்டியது.

“மாதாவ விட்டுட்டு வேற தெய்வத்துக்குப் பூசை வைக்க என்னால ஏலாது. வெளையாட்டுக்கும் ஏலாது,” என்றார் சூசை அண்ணன்.

“எங்க தாங்கல்ல பூசையே கெடையாதுக்கா, பணிவிடைதான்,” என்றாள் தங்கபாய். அவர்கள் அய்யாவழி; தாங்கல் என்பது அவர்கள் கும்பிடும் இடம். “கண்ணாடி பாத்துக் கும்பிடுதவிய நாங்க. கண்ணாடியில தெரியது நாமதான். எடையில பூசாரி எதுக்கு?”

நான் மதத்தை இழுக்கவில்லை. என் அப்பா எங்கள் சி.எஸ்.ஐ. சபையின் கமிட்டியில் இருக்கிறார், தேர்தல் வருகிறது என்று மட்டும் சொன்னேன்.

“அப்பம் பூசாரி வேலைய வீரனும் கொஞ்சம் செய்யட்டு,” என்று நான் கேட்டதற்குச் சபிதா ஒத்துக்கொள்ளவே இல்லை. “எல்லாரும் எல்லாத்தையும் செய்யலாம்னு விட்டா, பின்ன ஒருத்தனுக்கு இன்னொருத்தன் எதுக்கு? ஒத்தையா போயி ஒத்தையா ஜெயிச்சிட்டு வந்துருவான். நாலு பேரு சேந்து உக்காருததே ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒண்ணு இல்லாததுனாலதான்.” அவள் சொன்னது சரிதான். சரியாகச் சொல்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். அன்றும் வந்தது.

எட்டாவது தடவை சாக மனமில்லாமல் சூசை அண்ணன்தான் இறங்கி வந்தார். கொம்பனை ஓரமாக வைத்துவிட்டு கடல்தேவனின் பூசாரியாக ஒரு ஆளை எடுத்தார். அன்றைக்கு நாங்கள் முதன்முறையாக இரண்டாவது குகையைத் தாண்டினோம். என் உயிரை அவர் மூன்று முறை காப்பாற்றினார். பஸ் ஏறும்போதுதான் அவர் முகம் வாடியிருந்ததைக் கவனித்தேன்.

மனசாட்சி உறுத்தியதால் மறுநாள் மாதா கோவிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியாரிடம் போய் இது பாவமா என்று கேட்டிருக்கிறார். கேட்டதில் தப்பில்லை. கதையை வாலிலிருந்து தொடங்கியதுதான் தப்பு. “நான் ஞாயித்துக்கிழம தோறும் தக்கலையில கடல்தேவனுக்குப் பூசாரியா இருக்கேன்,” என்று ஆரம்பித்திருக்கிறார். உபதேசியார் பாக்கியைக் கேட்கவில்லை. விளையாட்டு, பகடை, புத்தகம் என்று இவர் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. சாயங்காலம் அன்பியம் என்கிற ஜெபக்குழுவிலிருந்து பதினாறு பேர் மெழுகுவர்த்தியோடு சூசை அண்ணன் வீட்டுக்கு வந்து, வழிதவறிய சகோதரன் திரும்பி வர ஜெபமாலை சொல்லியிருக்கிறார்கள். அவர் மனைவி வியாகுலம்மாள் மீன் விற்றுவிட்டு வந்தபோது முற்றம் நிறைய ஆள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அவள் கூடையை வாசலிலேயே போட்டுவிட்டாளாம்.

“இனி தக்கலைக்குப் போனா, எனக்க மொகத்துல முழிக்கண்டாம்,” என்று அவள் சொன்னதோடு சூசை அண்ணன் வருவது நின்றது.

அடுத்த மூன்று ஞாயிறும் நாங்கள் மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். கதை சொல்பவர் போக ஆடுகிறவர் மூன்று பேராவது இல்லாமல் அந்த ஆட்டம் நடக்காது. புதிதாக ஆளும் கிடைக்கவில்லை. ஜெபமாலைக் கதை தக்கலைவரை வந்துவிட்டது. மூன்றாவது ஞாயிறு தங்கபாய் வருவதற்குமுன் சபிதா என்னிடம் சொன்னாள்: “வாரத்துல ஆறு நாளும் மத்தவங்களுக்க வாழ்க்கையத்தான் அடிச்சிட்டு இருக்கேன் பிரைட்டா. ஆரு குவைத்துக்குப் போறா, ஆரு ஆரக் கெட்டப்போறா. எனக்குண்ணு இருக்கது இந்த ஒரு மத்தியானம்தான். அதும் போயிருமோண்ணு பயமா இருக்கு.”

விதி பேசி என்னைத் திணறடிக்கிற பெண் அப்படிப் பேசியதும், பேட்டரியில் தண்ணீர் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

திரும்பி வந்தபோது தங்கபாய் பேசிக்கொண்டிருந்தாள். வைத்தியசாலையிலிருந்து நேராக வந்ததால் கையெல்லாம் எண்ணெய் வாசம்.

“அக்கா, எங்க அண்ணன்கிட்ட கை ஒடிஞ்சு வாறவன், கழுத்து சுளுக்கி வாறவன் எவனும் பூசாரியத் தேடி வரல்ல. ஆசானத் தேடித்தான் வாறான். ஆசான் பூசாரியும் இல்ல, வெறும் வைத்தியனும் இல்ல. தட்டுனா ஆளு அசையாம விழுவான். பெறகு அவனே இளக்கியும் விடுவான். அடிக்கதும் ஆத்துததும் ஒரே கைதான். ஒனக்க புத்தகத்துல இதுக்கு என்ன பேரு?”

சபிதா பட்டியலைப் பார்த்தாள். “பேரில்ல,” என்றாள். உடனே கணக்குப் படித்த மூளை விழித்துக்கொண்டது. “ஆனா அடிக்கவும் செய்வான், ஆத்தவும் செய்வாண்ணா அவன் ஒருத்தனே போருமே. மத்தவன் எதுக்கு?”

“தோணுன மாதிரி அடிக்க முடியாதுக்கா. இளக்கத் தெரியாதவனுக்கு அடிக்கச் சொல்லித்தரமாட்டாங்க. அடிச்சவன்தான் இளக்கணும், அதுவும் நேரத்துக்குள்ள. விட்டா அந்தப் பாவம் அடிச்ச கைக்குத்தான் வரும்ணு எங்க வீட்டுல சொல்லுவாங்க.”

அடுத்த இரண்டு மணி நேரம் எப்படிப் போனதென்று தெரியாது. சபிதா பிரிண்டர் தாளை அள்ளிப்போட்டு எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். வர்ம ஆசானுக்கு ஒரு நாளில் மூன்று மூச்சு. காயத்தை ஆற்ற ஒரு மூச்சு, அடிபட்டவனை இளக்க ஒரு மூச்சு; அடிக்க மூச்சு வேண்டாம். அடிபட்டவனுக்குக் கை கால் அசையாது. பேச்சு மட்டும் இருக்கும். ஆறு சுற்றுக்குள் இளக்காவிட்டால், அல்லது அதற்குள் வேறொருவர் அவனைத் தாக்கினால், அவன் சாவான். ஆசானின் கையும் அன்றோடு விளங்காமல் போகும். அதாவது தன் கையை இழக்காமல் இந்த ஆளால் யாரையும் கொல்லவே முடியாது. கொல்வதற்கு வீரன் வேண்டும், தூரத்தில் நிற்பவனுக்கு வில்லாளி வேண்டும். “நிக்குது பிரைட்டா, கணக்கு நிக்குது,” என்று அவள் மேசையைத் தட்டினாள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவள் தன் கையால் எழுதியது அதுதான் முதல்முறை.

மறுநாள் சாயங்காலமே மூன்று பேரும் குளச்சலுக்குப் பஸ் ஏறினோம். வியாகுலம்மாள் கடற்கரை மணலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“சாமி உண்டா?”

“இல்லக்கா.”

“பூசாரி?”

“இல்லக்கா, வைத்தியன்தான்,” என்றாள் சபிதா.

வியாகுலம்மாள் ஒரு நெத்திலியைப் புரட்டிப்போட்டுவிட்டு யோசித்தாள். “வாற ஞாயிறு நானும் வந்து இருந்து பாப்பேன். கொள்ளாம்னா அவரு வரட்டு. இல்லேண்ணா அண்ணையோட தீந்துது.”

ஞாயிறு இரண்டு மணிக்கு அவள் வந்து, சுவரோரம் ஸ்டூலைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சூசை அண்ணன் மறுபடி கொம்பன் ஆனார். தங்கபாய் மந்திரக்காரியை ஓரமாக வைத்துவிட்டு வர்ம ஆசான் ஆனாள். விட்ட இடத்திலிருந்து, மூன்றாவது குகை வாசலிலிருந்து, ஆட்டம் தொடங்கியது.

என் தோளில் நச்சு ஈட்டி இறங்கியது. தங்கபாய் ஒரு மூச்சைச் செலவழித்து என்னை எழுப்பினாள். கொம்பன் காலில் வெட்டு விழுந்தது; இன்னொரு மூச்சு போனது. பிறகு குகைத் தலைவனே வந்தான். நான் விட்ட அம்பு ஒன்றுகூடப் படவில்லை. கொம்பன் முன்னால் பாய்ந்து வயிற்றில் குத்து வாங்கி விழுந்தார். தங்கபாய் தலைவனுக்குப் பின்னால் போய் பகடை உருட்டினாள்; பத்தொன்பது. தலைவன் கல்லாய் நின்றான். நாங்கள் கத்தியதில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் கொம்பனின் ரத்தம் நிற்கவில்லை. நானும் தங்கபாயும் துணி வைத்துக் கட்ட, காலைப் பிடிக்க என்று நாலு சுற்று உருட்டிப் பார்த்தோம். ஒன்றும் விழவில்லை. சபிதா கணக்குச் சொன்னாள். ஆசானிடம் ஒரே ஒரு மூச்சு பாக்கி. கொம்பன் இரண்டு சுற்றில் சாவார். தலைவனை இளக்கவும் இரண்டு சுற்றுதான் மிச்சம். மூச்சைக் கொம்பனுக்குக் கொடுத்தால் தலைவன் செத்து ஆசானின் கை போய்விடும். தலைவனுக்குக் கொடுத்தால் கொம்பன் போய்விடுவார். மனைவி பார்த்துக்கொண்டிருக்க சூசை அண்ணன் செத்து விழுந்தால் பிறகு என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“எனக்க கை போனா போட்டு. அண்ணன எழுப்புதேன்,” என்றாள் தங்கபாய்.

“வேண்டாம் மக்கா. கையி இல்லாத ஆசான் என்னத்துக்கு ஆவும்,” என்றார் சூசை அண்ணன். உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. “அந்த மனுசன் பேசுவானா?”

எல்லோரும் திரும்பினோம். “ஆரு?” என்றாள் சபிதா.

“அந்தத் தலைவன். கை கால்தான் அசையாதுண்ணு சொன்ன. வாயி?”

“பேசுவான்.”

“மருந்து வேரு எங்க ஒளிச்சு வச்சிருக்குண்ணு அவனுக்குத்தான் தெரியும், இல்லியா? நீ என்னை இளக்கி விடு, நான் ஒனக்க ஆளுக்கு வேரு தாறேண்ணு அவன் ஒத்துக்கிட்டா ரெண்டு பேரும் பொழைப்பினும். இத்தற நேரமா ஒருத்தரும் அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல.”

சபிதா புத்தகத்தைப் புரட்டினாள். பேரம் பேசுகிற தொழில் அதில் இல்லை. நிமிர்ந்து, “கேக்கலாம். ஆனா அவன் எதிரி. இருபது முகத்துல பதினாறோ மேலயோ விழணும்,” என்றாள்.

“பதினாறா?” வியாகுலம்மாள் ஸ்டூலை மேசைக்கு இழுத்துப் போட்டாள். “எதிரிதான், இல்லேங்கல்ல. ஆனா சாவக் கெடக்கவன். அவனுக்கு நம்மள விட்டா வேற ஆரு இருக்கா?”

“செரி. பதினாலு.”

“அவனுக்குப் பிள்ளைய உண்டா?”

சபிதா அதை யோசித்திருக்கவே இல்லை. “ரெண்டு,” என்றாள் தடுமாறி.

“ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், வேரக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுச் சாவானா?”

“பன்னெண்டு.”

“அவன் ஒளிச்சு வச்ச எடத்துல நெறைய வேரு கெடக்கு. கேக்க ஆளில்லாம கெடந்தா சாயங்காலத்து மீனு மாதிரிதான், நாறிப்போவும். நமக்கு வேண்டியது ஒரு துண்டு.”

சபிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பத்து.”

“எட்டு.”

“ஒம்பது. அதுக்குக் கீழ நான் எறங்கமாட்டேன்.”

“ஒம்பது. எடு பகடைய.”

ஒரு விதியையும் விட்டுக்கொடுக்காத சபிதா, பதினாறிலிருந்து ஒன்பதுவரை இறங்கி வந்ததை அதன்பிறகுதான் உணர்ந்தாள். வியாகுலம்மாள் பகடையை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்துவிட்டு விட்டெறிந்தாள். அது மேசையில் ஓடி கீபோர்டில் முட்டி நின்றது. பதினொன்று. நான் நாற்காலிமேல் ஏறிக் குதித்தேன் என்று தங்கபாய் இன்றும் ஊரெல்லாம் சொல்கிறாள். பொய். அது வியாகுலம்மாள் உட்கார்ந்திருந்த ஸ்டூல்.

தலைவன் இளகினான். கொம்பன் எழுந்தார். ஊருக்கு வேண்டிய வேரும் பேரத்தில் சேர்ந்தது. சூசை அண்ணன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் அவள் எழுந்து, சேலையை உதறி, “பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று மட்டும் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கொள்ளாம் என்றும் சொல்லவில்லை, தீர்ந்தது என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் ஒன்றரை மணிக்கே உட்கார்ந்துவிட்டோம். இரண்டு ஆனது. இரண்டேகால் ஆனது. குளச்சல் பஸ் வந்து போன சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வியாகுலம்மாள் வந்தாள், தனியாக. சபிதா புத்தகத்தை மூடிவிட்டாள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்பது போல எழுந்து நின்றாள்.

“அவருக்குக் காய்ச்சல், எழும்ப ஏலல்ல,” என்று சொல்லிக்கொண்டே வியாகுலம்மாள் சூசை அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். “போன வாரம் நான் செஞ்சேனே, அதுக்கு ஒரு தொழிலு எழுதித் தா மக்கா. நான் ஆரயும் கும்பிடமாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்.”

சபிதா வெள்ளைத்தாள் எடுக்கப் போனவள், பிரிண்டர் பக்கம் திரும்பி நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தாளோடு வந்து உட்கார்ந்து, “எங்க தொடங்கலாம்க்கா, சொல்லுங்க,” என்றாள்.